பரதேசி யூதத் தொழுகைக் கூடம், மட்டாஞ்சேரி

பரதேசி யூதத் தொழுகைக் கூடம் என்பது கேரள மாநிலத்தின் கொச்சி நகரில், மட்டாஞ்சேரியிலுள்ள யூதத் தெருவின் கோடியில் அமைந்துள்ள யூத வழிபாட்டிடம் ஆகும். 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இது, பொதுநலவாய நாடுகளில் இன்றும் வழிபாட்டிடமாக நீடிக்கும் யூதத் தொழுகைக் கூடங்களுள் மிகப் பழையது எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. இதன் சீன ஓடுகளும் மணிக்கூண்டும் சுற்றுலாப் பயணிகளிடையே பெயர் பெற்றவை. வரலாற்று மாணவர்கள் இக்கூடத்தை அறிந்துகொள்ள வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதனுள்ளே யார் பலகையில் அமரலாம், யார் தரையில் அமர வேண்டும் என்பது பற்றிய வழக்கு தலைமுறை தலைமுறையாக நீடித்து வந்தது. அடிமை வழி வந்தவர்கள் எனக் கருதப்பட்ட யூதர்களுக்கு இங்கு சம உரிமை மறுக்கப்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆபிரகாம் பராக் சேலம் என்னும் வழக்கறிஞர் சத்தியாக்கிரக வழியில் போராடி இந்நிலை மாறக் காரணமானார்.

பெயர்

தமிழில் 'பரதேசி' என்றவுடன் ஊர் ஊராகத் திரியும் இரவலரே நினைவுக்கு வருவர். இங்கு அச்சொல் 'பிற தேசத்தவர்' என்னும் அதன் நேர்ப்பொருளிலேயே வழங்குகிறது. 1492ஆம் ஆண்டில் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் சிலரும், பாக்தாத், அலெப்போ, யேமன் முதலிய இடங்களிலிருந்து வந்த வணிகக் குடும்பத்தினரும் கொச்சியில் குடியேறினர். முன்னரே பல நூற்றாண்டுகளாகக் கேரளத்தில் வாழ்ந்துவந்த யூதர்கள் மலபாரி யூதர்கள் எனப்பட்டனர். புதிதாக வந்தோர் பரதேசிகள் ஆயினர். இரவலர் என்னும் பொருளுக்கு நேர்மாறாக, இவர்களிற் பலர் பெருஞ்செல்வர்களாக இருந்தனர்.

ஐரோப்பியர் எழுதிய நூல்களில் பரதேசிகள் 'வெள்ளை யூதர்' என்றும் மலபாரிகள் 'கறுப்பு யூதர்' என்றும் குறிக்கப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்து எபிரேயச் சுவடிகளைத் திரட்டிச் சென்ற கிளாடியசு புக்கானன் என்னும் பாதிரியாரும் இவ்வாறே பிரித்து எழுதினார். தோலின் நிறத்தைக் கொண்டு செய்யப்பட்ட இப்பாகுபாடு உண்மை நிலைக்கு முழுமையாகப் பொருந்துவதன்று. எனினும் அது பாடநூல்கள் வரை நிலைத்துவிட்டது.

செப்பேடுகள்

இக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் செப்பேடுகள் தமிழ் வாசகர்களின் தனிக் கவனத்திற்கு உரியவை. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசப்பு ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கியதை அவை கூறுகின்றன. எழுத்து வட்டெழுத்து, மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துவந்த காலத்து மேற்குக் கரை வழக்கு. அதில் ரப்பானின் பெயர் 'இசுப்பு இரப்பான்' என நம் நாவிற்கு ஏற்ற வடிவில் காணப்படுகிறது. படகு, வண்டி ஆகியவற்றின் சுங்கம் பெறுதல், பல்லக்கு, குடை, பகல் விளக்கு, நடைபாவாடை, தோரணம் ஆகியவற்றைப் பயன்படுத்துதல் முதலியன அவ்வுரிமைகளுள் அடங்கும். இவை உயர்குடியினர்க்கே உரியனவாக இருந்த சிறப்புகள்.

யூதர் மரபில் இச்செப்பேடுகள் கி.பி. 379ஆம் ஆண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்பட்டன. கல்வெட்டு ஆய்வாளர்கள் மன்னனின் ஆட்சியாண்டைக் கொண்டு கி.பி. 1000ஐ ஒட்டியவை எனக் கணித்துள்ளனர். செப்பேட்டில் வரும் 'அஞ்சுவண்ணம்' என்னும் சொல் யூதரைக் குறிக்கும் சாதிப் பெயர் என முன்னர் எண்ணப்பட்டது. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்களுடன் சேர்ந்து இச்சொல் வருவதால், இது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழுவைக் குறித்தது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து.

இதனினும் பழைய சான்று கொல்லத்தில் கிடைத்துள்ளது. தென்காசியிலிருந்து செங்கோட்டை சென்று, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து மேற்கே இறங்கினால் அடையும் துறைமுகம் கொல்லம். அங்கிருந்த கிறித்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட கி.பி. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்திட்டோருள் யூதர்களும் உள்ளனர். அவர்கள் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கின்றனர்.

2017ஆம் ஆண்டு சூலையில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி இசுரேல் சென்றபோது, கொச்சி யூதர் செப்பேடுகளின் படி ஒன்றை அந்நாட்டுப் பிரதமருக்கு அன்பளிப்பாக அளித்தார்.

கூடம் எழுந்த வரலாறு

கேரள யூதர்களின் பழைய மையம் கொடுங்கல்லூர் ஆகும். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட வெள்ளம் அத்துறைமுகத்தைத் தூர்த்துவிட்டதாகவும், கொச்சி துறைமுகமாக வளர அதுவே காரணம் என்றும் கூறுவர். 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் நிகழ்ந்த தாக்குதல்களை அடுத்து எஞ்சிய யூதர்களும் கொச்சிக்குப் பெயர்ந்தனர். கொச்சி மன்னர் தம் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு நிலம் அளித்தார். போர்த்துக்கேயர் ஆதிக்கம் செலுத்திய காலத்தில் அரண்மனை நிழலில் குடியிருப்பதே பாதுகாப்பாக இருந்தது. அரண்மனைக் கோவிலும் யூதர்களின் தொழுகைக் கூடமும் இன்றும் அடுத்தடுத்தே உள்ளன.

1662ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்ற முயன்று பின்வாங்கினர். யூதர்கள் ஒல்லாந்தருக்கு உதவினர் என்று போர்த்துக்கேயர் இக்கூடத்தைத் தாக்கிச் சேதப்படுத்தினர். மறு ஆண்டே ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்தனர். அதன் பின்னர் கூடம் செப்பனிடப்பட்டது. ஒல்லாந்தர் காலம் பரதேசி யூதர்களின் செழிப்பான காலமாகும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய எசக்கியேல் ரகபி (1694–1771) காலத்தில்தான் கூடம் இன்றைய தோற்றத்தைப் பெற்றது.

அமைப்பு

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது ஓடு வேய்ந்த, வெள்ளையடித்த எளிய கட்டடமாகவே தோன்றும். உள்ளே நுழைவோர் காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். பிற நாடுகளின் யூதத் தொழுகைக் கூடங்களில் பொதுவாகக் காணப்படாத இவ்வழக்கம் கேரளக் கோவில் மரபை ஒத்தது.

தரையில் பதிக்கப்பட்டுள்ள நீல, வெள்ளை நிற ஓடுகள் சீனாவின் காண்டன் நகரிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ரகபியால் வரவழைக்கப்பட்டவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இவ்வோடுகள் ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டவை; ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பர். இவை முதலில் மன்னரின் அரண்மனைக்காக வந்தவை என்றும், செய்முறையில் மாட்டு இரத்தம் சேர்ந்துள்ளதாக யாரோ கூறியதால் மன்னர் அவற்றை ஒதுக்கிவிட, யூதர்கள் வாங்கிக்கொண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை இது. வரலாறாகக் கொள்ளத் தக்கதன்று.

கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை உள்ளது. வேதச் சுருள் இங்கிருந்தே வாசிக்கப்படும். மேல்தளத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் இரண்டாவது மேடை ஒன்றும் உண்டு. இவ்வாறு இரு மேடைகள் அமைவது கேரளத்து யூதத் தொழுகைக் கூடங்களுக்கே உரிய சிறப்பு. எருசலேம் நோக்கிய மேற்குச் சுவரில் மரச் செதுக்கு வேலைப்பாடு கொண்ட பேழையில் வேதச் சுருள்கள் வைக்கப்பட்டுள்ளன. சுருளுக்கு அணிவிக்கும் பொன் முடி ஒன்று 1805ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னரால் வழங்கப்பட்டது. விதானத்திலிருந்து எண்ணெய் விளக்குகளும் பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகளும் தொங்குகின்றன.

1760ஐ ஒட்டிக் கட்டப்பட்ட மணிக்கூண்டின் முகப்புகளில் எண்கள் வெவ்வேறு எழுத்துகளில் உள்ளன. அரண்மனையை நோக்கிய முகப்பில் மலையாள எண்கள். கூடத்தை நோக்கியதில் எபிரேய எழுத்துகள். துறைமுகப் பக்கம் உரோமன் எண்கள். நேரம் பார்க்க வேண்டியவர் மூவகையினர் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு. பழுதுபட்டிருந்த இக்கூண்டு 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்டது.

பிரதான அறைக்கு முன்னால் 'அசாரா' எனப்படும் முன்னறை உண்டு. பயணிகள் பெரும்பாலும் நில்லாமல் கடந்துசெல்லும் இச்சிறிய இடத்தைப் பற்றியதே கீழ்க்காணும் வழக்கு.

விடுவிக்கப்பட்டோரும் அவர்களது நிலையும்

பரதேசி வணிகர்கள் வீடுகளில் அடிமைகளை வைத்திருந்தனர். அவ்வடிமைகளும், யூத ஆடவர்க்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்த மக்களும் யூத சமயத்தில் சேர்க்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். இவர்களும் இவர்களது வழித்தோன்றல்களும் 'மெசுக்ராரிம்' எனப்பட்டனர். 'விடுவிக்கப்பட்டோர்' என்பது இவ்வெபிரேயச் சொல்லின் பொருள். இவர்கள் பரதேசிச் சமூகத்தைச் சார்ந்தே வாழ்ந்தனர். மலபாரி யூதர்கள் இவர்களிலிருந்து வேறானவர்கள். பரதேசிகள் சிலர் மலபாரிகளையும் அடிமை வழியினர் எனப் பழித்ததால் இரு பிரிவினரையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் பல நூல்களில் காணப்படுகிறது.

யூத சமயச் சட்டத்தின்படி, யூதரிடம் அடிமையாக இருந்த ஒருவர் விடுதலை பெற்றுச் சடங்கு முறையில் நீராடியதும் முழு யூதர் ஆகிவிடுகிறார். அவரது பிள்ளைகளும் அவ்வாறே. ஆகவே இதில் ஐயத்திற்கு இடமே இல்லை. கொச்சியிலோ நடைமுறை வேறாக இருந்தது. விடுவிக்கப்பட்டோர் பலகைகளில் அமர இயலாது. முன்னறையில், தரையில்தான் அமர வேண்டும். வேதச் சுருளை வாசிக்க அவர்கள் அழைக்கப்படவில்லை. பரதேசிகளுடன் திருமண உறவு இல்லை. இறந்தவரைப் புதைக்கும் இடமும் வேறாக இருந்தது. அழுத்தமாகக் கூறினால், சமயம் ஏற்றுக்கொண்டவர்களைச் சாதி வெளியே நிறுத்தியது. கேரளச் சமூகத்தில் நிலவிய தீட்டு, விலக்கு ஆகியவற்றின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது.

இதில் வியப்புக்குரியது, வழக்கின் தீர்ப்பு மிக முன்னரே கிடைத்திருந்தது என்பதாகும். 16ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்கள் கெய்ரோவில் இருந்த புகழ்பெற்ற சமயச் சட்ட அறிஞர் தாவீது இப்னு சிம்ராவுக்கு ஒரு வினா அனுப்பினர். கொச்சியில் சுமார் 900 குடும்பத் தலைவர்கள் உள்ளனர். அவர்களுள் 100 பேர் தம்மைத் தூய வழியினர் எனக் கூறிக்கொண்டு, மற்றவர்களை அடிமைகள் எனப் பழித்து மணவுறவு கொள்ள மறுக்கின்றனர். இது முறையா என்பதே அவ்வினா. உரிய சடங்கு நடந்தபின் அவர்கள் முழு யூதர்களே, மணவுறவு கொள்வதில் தடையில்லை என அவ்வறிஞர் விடையளித்தார். அலெக்சாந்திரியாவில் இருந்த அவரது மாணவர் யாக்கோபு தெ காசுத்ரோவும் இதே முடிவையே கூறினார். செல்வமும் செல்வாக்கும் உடைய சிறுபான்மையினர் அத்தீர்ப்புகளைப் பின்பற்றவில்லை.

1854ஆம் ஆண்டில் கொச்சி அரசு அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. மறு ஆண்டு திருவிதாங்கூரும் ஒழித்தது. எனினும் கூடத்தின் முன்னறையில் எதுவும் மாறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் விடுவிக்கப்பட்டோர் தனித்து வழிபாடு நடத்த முயன்றும் அது நிலைக்கவில்லை.

ஆ. ப. சேலமும் சத்தியாக்கிரகமும்

ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) விடுவிக்கப்பட்டோர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னையில் பயின்று பட்டம் பெற்று வழக்கறிஞரானார். கொச்சி யூதர்களுள் பட்டம் பெற்ற முதல்வர் இவரே எனக் கூறப்படுகிறது. 1925 முதல் 1931 வரையிலும் மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929ஆம் ஆண்டு இலாகூர் காங்கிரசு மாநாட்டிலும் கலந்துகொண்டார். சட்டமன்றத்தில் இருக்கை பெற்றிருந்த ஒருவருக்குத் தம் சமூகத்தின் தொழுகைக் கூடத்தில் இருக்கை மறுக்கப்பட்டிருந்தது.

அக்காலச் சூழலையும் கருத வேண்டும். கொச்சிக்குத் தெற்கே வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924–25ஆம் ஆண்டுகளில் சத்தியாக்கிரகம் நடந்தது. தமிழகத்திலிருந்து பெரியார் ஈ. வெ. இராமசாமி சென்று அதில் ஈடுபட்டுச் சிறைப்பட்டது நன்கறிந்த செய்தி. 1936ஆம் ஆண்டு நவம்பரில் திருவிதாங்கூர் அரசு கோவில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அண்மையிலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தமையால், அரசின் கீழிருந்த அப்பகுதிக் கோவில்களுக்கும் அப்பிரகடனம் பொருந்திற்று. இவ்வாறு இந்துக் கோவில்களைச் சூழ்ந்து எழுந்த கேள்வியையே சேலம் யூதத் தொழுகைக் கூடத்தினுள் எழுப்பினார்.

அவர் வேறு கூடம் கட்டவில்லை. நீதிமன்றத்தையும் பெரிதாக நம்பவில்லை. காந்தியடிகளின் முறையைத் தம் சமூகத்தினுள் கையாண்டார். மறுக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தும், கூடத்தைப் புறக்கணித்தும் எதிர்ப்பைத் தெரிவித்தார். இதனால் பிற்காலத்தில் 'யூதக் காந்தி' என அழைக்கப்பட்டார். சில நூறு பேரே கொண்ட, ஒரே தெருவில் வாழ்ந்த, நாள்தோறும் முகம் பார்த்துக்கொள்ளும் சமூகம் அது. எதிர்த்தவர்களும் எதிர்க்கப்பட்டவர்களும் அண்டை வீட்டார். இப்போராட்டத்தின் கடுமையும் அதில் இருந்த அடக்கமும் இதனாலேயே விளைந்தவை எனலாம்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1930களின் பிற்பகுதியில் இங்கு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் தாவீது மாண்டல்பாம், பழைய தடைகள் பல விழுந்துவிட்டதைக் குறிப்பிட்டுள்ளார். பலகையில் அமரும் உரிமை முதலில் வந்தது. திருமணத் தடையே கடைசி வரை நின்றது. இந்தியா விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் சேலத்தின் மகனுக்கும் பரதேசிக் குடும்பப் பெண் ஒருவருக்கும் திருமணம் நடந்தது. கொச்சியில் எதிர்ப்பு இருந்தமையால் அத்திருமணம் பம்பாயில் நடத்தப்பட்டது. யூதத் தெரு இன்று ஆ. ப. சேலம் சாலை என வழங்குகிறது.

விடுவிக்கப்பட்டோர் வழியில் வந்த இன்னொருவர் ரூபி டேனியல் (1912–2002). இந்தியக் கடற்படையில் பணியாற்றிய இவர் 1951ஆம் ஆண்டில் இசுரேலில் குடியேறினார். பார்பரா ஜான்சனுடன் இணைந்து 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட இவரது நினைவு நூல், இக்கூடத்தின் வரலாற்றைத் தரையில் அமர்ந்தவர்களின் பக்கமிருந்து கூறும் அரிய சான்றாகும்.

முற்போக்கு யூதமும் கொச்சியும்

சேலம் சட்டமன்றம் புகுந்த அதே 1925ஆம் ஆண்டில் பம்பாயில் வேறொரு முயற்சி தொடங்கியது. இலண்டனில் மருத்துவம் பயின்ற செருசா சிராத் என்னும் பெண் மருத்துவர், அங்கு லிலி மாண்டேகு முதலியோர் வளர்த்த தாராளவாத யூத இயக்கத்தால் கவரப்பட்டிருந்தார். தாயகம் திரும்பியபின், பெனே இசுரேலியர் எனப்படும் மராத்தி யூதர்களிடையே யூத சமய ஒன்றியத்தை நிறுவினார். இதன் 'ரோதெப் சாலோம்' தொழுகைக் கூடத்தில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து அமர்ந்தனர். வழிபாட்டில் எபிரேயத்துடன் ஆங்கிலமும் இடம் பெற்றது. நாசி வதைமுகாமில் உயிர் பிழைத்தவரான ஹியூகோ கிரின் 1950களின் இறுதியில் இவ்வொன்றியத்தின் குருவாகப் பணியாற்றினார். தில்லியில் 1956ஆம் ஆண்டில் எழுந்த சூதா கயாம் தொழுகைக் கூடத்திலும் பெண்கள் ஆண்களுடன் அமர்கின்றனர். கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பதின்மருள் அவர்களும் எண்ணப்படுகின்றனர்.

கொச்சிப் பரதேசிகள் இவ்வியக்கத்தில் சேரவில்லை. அவர்கள் மரபு வழுவாதவர்களாகவே இருந்தனர். சேலம் கேட்டதும் புதிய வழிபாட்டு முறையை அன்று. பழைய சட்டம் தமக்கு ஏற்கெனவே அளித்திருந்ததையே. பெண்களைப் பொறுத்தவரை கொச்சி மரபு முற்றிலும் இறுக்கமானது என்றும் சொல்ல முடியாது. மலையாளத்தில் பெண்கள் பாடிய யூதப் பாடல்கள் ஏராளம். அவற்றை அவர்கள் ஏடுகளில் எழுதிவைத்து, திருமணங்களிலும் விழாக்களிலும் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினர். ஆண்கள் கேட்கப் பெண்கள் பாடக் கூடாது என்னும் கட்டுப்பாடு வேறு பல யூதச் சமூகங்களில் இருந்தது.

புலம்பெயர்வும் இன்றைய நிலையும்

இசுரேல் உருவான 1948ஆம் ஆண்டில் கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தனர். மட்டாஞ்சேரி, எறணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் எட்டுத் தொழுகைக் கூடங்கள் இருந்தன. 1950களின் நடுப்பகுதிக்குள் மலபாரி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இசுரேல் சென்று நெவாதிம், மெசிலாத் சியோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் வாழத் தொடங்கினர். அப்பயண ஏற்பாடுகளில் சேலமும் உதவினார். தாம் கொச்சியிலேயே தங்கிவிட்டார். சொத்துகளை விட்டுச்செல்லத் தயங்கிய பரதேசிக் குடும்பங்கள் பிந்தைய ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வெளியேறின.

மட்டாஞ்சேரியிலேயே இருந்த கடவும்பாகம் கூடம் பரதேசிக் கூடத்தினும் பழையது. அதன் மர வேலைப்பாடுகள் எருசலேமிலுள்ள இசுரேல் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கு மீண்டும் பொருத்தப்பட்டுள்ளன. வெறுமையாய் நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. பரவூர், சேந்தமங்கலம் கூடங்கள் அருங்காட்சியகங்களாக மாற்றப்பட்டுள்ளன.

பரதேசிக் கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா 1968ஆம் ஆண்டு திசம்பரில் பிரதமர் இந்திரா காந்தி முன்னிலையில் நடைபெற்றது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை சிறப்புத் தபால் தலை வெளியிட்டது. அப்போதே சமூகம் சுருங்கத் தொடங்கியிருந்தது. இன்று மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரபுப்படி கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். உள்ளூரில் அத்தொகை இல்லாததால், வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் யூதர்கள் சேர்ந்து எண்ணிக்கை நிறையும்போது மட்டுமே வழிபாடு நடைபெறுகிறது. முன்னறையில் இப்போது எவரும் தனியே அமர்த்தப்படுவதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கிய பயணிகள் அதன் வழியாகவே உள்ளே செல்கின்றனர். வெள்ளி, சனிக் கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.